துணிக்கும் லைனிங்குக்கும் நடுவே

– அம்மா! மூச்சை விடு! விடும்மா, விடு!

– ஹா... அப்பாடா. நீ சொல்லவே இல்லையேடீ.

– நான் சொல்லலைன்னா? மெஷின் நின்னு எவ்வளவு நேரமாச்சு! சத்தம் நின்னது உனக்குக் கேக்கலையா?

– கேட்டுச்சு. ஆனா நீதானே மைக்குல சொன்னே, நல்லா இழுத்துப் பிடிச்சுக்கோ, நான் விடச் சொல்ற வரைக்கும் விடாதேன்னு. சொல்லுவே சொல்லுவேன்னு நானும் படுத்திருக்கேன்.

– உன்னை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது! வேற யாரா இருந்தாலும் எப்பவோ விட்டுட்டு, என்னை நாலு திட்டு திட்டியிருப்பாங்க.

– நான் வேற யாரோவா? பெத்தவ. அதான் திட்டாம கெடக்கேன்.

– சரி சரி, தப்பு என் மேலதான். சொல்ல மறந்துட்டேன்.

– ஊருக்கே ஸ்கேன் எடுக்கற பொண்ணு, பெத்த தாயை எடுக்கும்போது மறந்துட்டாளாம். பாரேன் கூத்தை. கண்ணாடிக்குப் பின்னால உன் தலை மட்டும்தான் தெரியுது எனக்கு. அந்தத் தலையும் திடீர்னு ஆணி அடிச்ச மாதிரி நின்னு போச்சு. அங்க என்ன தெரியுது?

– ஒண்ணுமில்ல.

– உன் ஒண்ணுமில்லைய நான் இன்னைக்கா பாக்கறேன். பரீட்சையில கோட்டை விட்டுட்டு வந்த அன்னைக்கும் இதே ஒண்ணுமில்லதான்.

– அம்மா தாயே, கொஞ்சம் அசையாம படு. இன்னொரு தடவை எடுக்கணும்.

– ஏன், இப்ப எடுத்தது என்னாச்சு? கண்ணை மூடிட்டேனா?

– ஃபோட்டோ ஸ்டுடியோவா இது? பேசாம இரு. இடது பக்கம் மேல இன்னும் கொஞ்சம் நெருக்கமா பாக்கணும், அவ்வளவுதான். டாக்டர் சாருக்கு ஃபோன் பண்ணிட்டேன், வந்துக்கிட்டிருக்கார்.

– அவசரமில்ல. சாவகாசமா வரட்டும். வலிக்கு அந்த ஊசியைப் போட்டதுலேருந்து கண்ணு சொக்கிக்கிட்டே இருக்கு. மெஷின் வேற சுத்துச்சு பாரு, ஒரே சீரா. என் கடையில மதியம் யாரும் இல்லாதப்ப தையல் மெஷின் ஓடுமே, அந்த மாதிரி. கேட்டுக்கிட்டே அங்க போயிட்டேன்.

– எங்க?

– அங்கதான். நீளமா ஒரு வராந்தா. ஒரு பக்கம் சுவரே கிடையாது. வெள்ளை வெள்ளையா கட்டில் போட்டிருக்கும், வரிசையா. காலையில பனி உள்ள வந்து கட்டில்ல நம்மகூடவே படுத்துக்கும். பக்கத்துக் கட்டில்ல யாருன்னு தெரியாது, மூச்சு விடற சத்தம் மட்டும் வரும்.

– இது என்ன புதுக் கனவு?

– புதுசா? எனக்குப் பழைய சிநேகிதி இது. மாசத்துல ஒரு தடவையாவது வந்துட்டுப் போயிடும். அதுல ஒருத்தர் என் முதுகுப் பக்கமா நின்னுக்கிட்டு பந்து போடுவாரு.

– ம்.

– சின்னச் சின்னப் பந்து, கண்ணாடி மாதிரி. எனக்கு உள்ள போடுவாரு, ஒண்ணு ஒண்ணா. டப்புனு ஒண்ணு மேல ஒண்ணு இடிக்கற சத்தம் காதுக்குள்ளயே கேக்கும். வலிக்கவே வலிக்காது. ஒரு நர்ஸ் என் தலைமாட்டுல நின்னு வாயைத் திறக்காம பாடுவா. அப்புறம் என்ன ஆகும்னா, நான் லேசாயிடுவேன். கட்டிலை விட்டு எழும்பி, வராந்தாவைத் தாண்டி, மரத்துக்கெல்லாம் மேல மிதந்துகிட்டுப் போவேன். கீழ பாத்தா பனி, பஞ்சு மூட்டையை அவுத்துக் கொட்டின மாதிரி. நீ கேக்கறியா இல்லையா?

– கேக்கறேம்மா. மூச்சை இழு. நல்லா. பிடிச்சுக்கோ... ம், விடு. விட்டாச்சா?

– விட்டாச்சு, விட்டாச்சு. இந்தத் தடவை ஞாபகமா சொல்லிட்டே. உன் குரல் ஏன் இப்படி உள்ள போகுது?

– மைக் அப்படி. இரு, சார் வந்துட்டார். வாங்க சார்.

– என்ன மேடம், ஃபோன்ல பதறினீங்க? டீயைக்கூடக் கையில எடுத்துக்கிட்டே ஓடி வந்துட்டேன். இப்படி ஓரமா வைங்க அதை. யாரு, அம்மாதானே?

– அம்மாதான் சார். வாரக்கணக்கா காய்ச்சல், இருமல், இடது பக்கம் வலி. போன வாரம் சளி டெஸ்ட்டோட சரி, அதுல ஒண்ணும் இல்ல. ஸ்கேனுக்கு வா வான்னு கூப்பிட்டுக் கூப்பிட்டு இன்னைக்குத்தான் வந்தாங்க. நீங்களே பாருங்க. நான் பாத்தா சரியா வராது.

– மேடம் இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லையே. எங்கே, மேலேருந்து வாங்க. ம்... ம்... அடடே.

– கட்டிதானே சார்? எல்லாம் உருண்டை உருண்டையா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு. நுரையீரல் பூரா ஓட்டையாயிடுச்சா? எங்கிட்ட மறைக்காதீங்க. இது அதுதானே?

– மைக்கை ஆஃப் பண்ணிட்டீங்களா முதல்ல?

– பண்ணிட்டேன் சார்.

– இல்லடீ, பண்ணல. எனக்கு நல்லா கேக்குது.

– ஐயையோ. அம்மா!

– நீங்க பேசுங்க தம்பி. ஓட்டைன்னாலும் உருண்டைன்னாலும் என்னோடதுதானே. நானும் தெரிஞ்சுக்கறேன்.

– வணக்கம்மா. உங்க பொண்ணு இன்னைக்கு ஃபார்ம்ல இல்ல. பயப்படாதீங்க, நீங்க நினைக்கற வியாதி எதுவும் இது இல்ல. மேடம், நீங்களும்தான், அந்த நாற்காலியில உக்காருங்க. உருண்டையைப் பாத்ததும் நேரா நுரையீரலுக்குள்ள போயிட்டீங்க. அது எங்க இருக்குன்னு பார்த்தீங்களா?

– உள்ளதான் சார்.

– எதுக்கு உள்ள? இந்த வெள்ளை, விலா எலும்பு. அதை ஒட்டி உள்பக்கம் ஒரு மெல்லிசான கருப்புக் கோடு போகும், தெரியுதா? கொழுப்பு. எல்லாருக்கும் இருக்கும், நூல் மாதிரி. வலது பக்கம் பாருங்க, எலும்போட ஒட்டிக்கிட்டுச் சமத்தா போகுது. இப்ப இடது பக்கம் பாருங்க. அந்தக் கோடு எங்க?

– இங்க இருக்கு... இல்ல, இங்க. எலும்பை விட்டுட்டு எவ்வளவு தூரம் தள்ளி வந்திருக்கு!

– தள்ளி வந்திருக்கா, தள்ளிட்டாங்களா? உருண்டை எல்லாம் கோட்டுக்கு வெளியில. அதாவது நுரையீரல்ல இல்ல, நுரையீரலை மூடியிருக்கற உறைக்குள்ளயும் இல்ல. உறைக்கும் விலா எலும்புக்கும் நடுவுல. சாதாரணமா அங்க இடமே கிடையாது. யாராவது பிரிச்சாத்தான் இடம்.

– அட, லைனிங்கு.

– என்னம்மா சொன்னீங்க?

– கோட்டு சூட்டு தைப்பேன் தம்பி நான். நாற்பது வருஷமா... சரி, அந்தக் கணக்கு எதுக்கு. வெளியில தடி துணி, உள்ள வழவழன்னு லைனிங்கு. ரெண்டும் ஒட்டினாப்பல கெடக்கும், நடுவுல ஒண்ணும் இருக்காது. ஆனா தையலைப் பிரிச்சு உள்ள கையை விட்டா, விட்ட இடமெல்லாம் இடம்தான். தோளுக்கு நாங்க பஞ்சு திணிக்கறது அங்கதான்.

– அவ்வளவுதான் விஷயம். அதேதான். உங்க தையலை யாரோ பிரிச்சு, திணிச்சு, திருப்பித் தைச்சிருக்காங்க.

– சார், என்ன சார் சொல்றீங்க? எதைத் திணிச்சாங்க?

– பந்து மேடம். பிளாஸ்டிக் பந்து. உள்ள வெறும் காத்து, அதான் கருப்பா தெரியுது. சுத்தி இருக்கற ஓடு பாருங்க, பென்சில்ல வட்டம் போட்ட மாதிரி. படிக்கும்போது புத்தகத்துல ஒரே ஒரு படம் பார்த்திருக்கேன். நேர்ல பார்ப்பேன்னு கனவுலகூட நினைக்கல.

– நான் கனவுலதான் பாத்தேன்.

– அம்மா, அப்ப நீ இப்ப சொன்னியே, அது...

– பாரேன். பாரேன் இந்த அநியாயத்தை. அப்ப அது கனவு இல்லையா?

– நீ படுத்தே இரு, எந்திரிக்காதே. நான் உள்ள வரேன்.

– அந்தப் பந்து நிஜம்னா அந்தப் பனியும் நிஜம்தானேடீ? அந்த நர்ஸ்? அவளுக்கு முகமே இருக்காது, பாட்டு மட்டும் இருக்கும். அவளும் எங்கயோ இருந்திருக்கா அப்ப. நான் மிதந்தது மட்டும்தான் பொய்யா, அதுவும்...

– அம்மா, மெதுவா. மேஜையை வெளியில இழுக்கறேன். ம், இப்ப எந்திரி. என் கையைப் பிடிச்சுக்கோ.

– வேணாம் வேணாம். நானே எறங்கிக்கறேன்.

– தலை சுத்தும்மா. ஊசி போட்டிருக்கு.

– தள்ளி நில்லு. எனக்குத் தெரியும்.

– பார்த்தீங்களா சார்? கதவு திறந்துதானே இருக்கு, நீங்களும் வந்து பாருங்க. இதுதான் எங்கம்மா. விழுந்தாலும் விழுவாங்க, என் கையைப் பிடிக்க மாட்டாங்க.

– இந்த நாற்காலியில உக்காருங்கம்மா. மேடம், கோவத்தை அப்புறம் வச்சுக்கலாம்.

– இன்னைக்குக் கோவம் இல்ல சார், சின்ன வயசுலேருந்தே. எங்க வீட்டு ஆல்பத்தைப் புரட்டினீங்கன்னா, என்னை சித்தி தூக்கியிருப்பாங்க, அப்பா தூக்கியிருப்பார், பக்கத்து வீட்டு அக்கா தூக்கியிருப்பாங்க. ஸ்டுடியோக்காரரோட பொண்டாட்டிகூடத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கறாங்க. அம்மா எங்கடான்னு பார்த்தா, ஃப்ரேமோட ஓரத்துல கையைக் கட்டிக்கிட்டு, ஏதோ கல்யாண வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி.

– நீ பூசணிக்காயாட்டம் கனமா இருந்தே. யாரால தூக்க முடியும்?

– இந்தப் பூசணிக்காய்க் கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லிட்டுப் போயேன். உனக்கு என்னைக் கண்டா ஆகல. அவ்வளவுதானே?

– செருப்பு எங்கடீ என்னோடது? தரை சில்லுனு இருக்கு.

– இந்தா. பேச்சை மாத்தறதுல உன்னை அடிச்சுக்க ஆளே இல்ல.

– அம்மா, நான் ஒண்ணு கேக்கறேன். உங்க முதுகுல, தோள்பட்டைக்குக் கீழ ஒரு பெரிய தழும்பு இருக்குமே?

– இருக்கு தம்பி.

– ஏணியிலேருந்து விழுந்தது சார் அது. கல்யாணத்துக்கு முன்னாடி.

– நான் உங்களைக் கேக்கல மேடம்.

– ஏணி இல்லடீ. காசம்.

– என்னது?

– காசநோய். எனக்கு வந்திருந்துச்சு. உன் வயசுல பாதிகூட இல்ல எனக்கு அப்ப. ரத்தம் ரத்தமா துப்பினேன். மலை மேல ஒரு ஆஸ்பத்திரி, அதுக்குன்னே. அங்க கொண்டு போய் விட்டுட்டு எங்க வீட்டுல எல்லாரும் அழுதுக்கிட்டே திரும்பிப் பாக்காம போனாங்க. உங்கப்பாவுக்குத் தெரியும், எல்லாம் சொல்லித்தான் கட்டிக்கிட்டேன். வெளியில சொல்ல வேணாம், கடைக்கு ஒரு ஆள் வர மாட்டான்னு அவர்தான் சொன்னார். அப்படியே ஏணியாயிடுச்சு.

– எங்கிட்டகூடவா?

– உங்கிட்ட எப்படிச் சொல்றது? உனக்கு ஏணிக் கதைதான் பிடிச்சிருந்துச்சு. ஏணி எவ்வளவு உசரம், மேல என்ன இருந்துச்சுன்னு கேட்டுக்கிட்டே இருப்பே.

– அந்தக் காலத்து வைத்தியம் மேடம் இது. நுரையீரலை அசையாம அமுக்கி வச்சா புண்ணு ஆறிடும்னு ஒரு கணக்கு. அமுக்கறதுக்கு வெளியில பந்து. கொஞ்ச நாள்ல எடுத்துடறதுதான் வழக்கம். நல்ல மருந்து வந்ததும் இந்த ஆப்பரேஷனையே விட்டுட்டாங்க. உங்களுக்கு மருந்து கொடுத்தாங்களாம்மா?

– மாத்திரை, ஊசி எல்லாம்தான். ஊசி போடாத இடமே கிடையாது, உக்கார முடியாது. ஒரு நாள் விடாம முடிச்சேன். ஆப்பரேஷன் அன்னைக்கு மயக்கமும் இல்ல, முழிப்பும் இல்ல. ஊசி போட்டு மரத்துப் போக வச்சுட்டாங்க. பெரிய டாக்டர் முதுகுப் பக்கமா பேசிக்கிட்டே இருந்தார். என்ன பண்றாங்கன்னு யாரும் விவரம் சொல்லல. கேக்கவும் பயம். அப்புறம் கட்டில் பக்கம் வந்து சொன்னார். எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது பொண்ணே, உன் வியாதியை நாங்க தூங்க வச்சிருக்கோம், நீ அதை எழுப்பிடாதேன்னு.

– எழுப்பறதுன்னா?

– ஓடக் கூடாது. பாரம் தூக்கக் கூடாது. அந்தப் பக்கம் படுக்கக் கூடாது. எதையும் நெஞ்சோட அணைச்சுப் பிடிக்கக் கூடாது, சத்தம் போட்டுச் சிரிக்கக் கூடாது. நாங்க சொல்ற வரைக்கும்னு சொன்னார்.

– அது தையல் ஆறற வரைக்கும் சொல்றதும்மா. ரெண்டு மூணு மாசத்துக்கு.

– அப்படியா தம்பி? அவர் அதைச் சொல்லலையே. நாங்க சொல்ற வரைக்கும்னுதான் சொன்னார்.

– அப்புறம் சொன்னாரா இல்லையா?

– எங்க சொன்னார்? திரும்ப வரச் சொன்னாங்கன்னு பஸ் பிடிச்சு மலை ஏறிப் போனேன். கேட்டுல பூட்டு. ஆஸ்பத்திரியவே மூடிட்டாங்களாம். பெரிய டாக்டர் எந்த தேசத்துக்கோ போயிட்டாராம். வாட்ச்மேன் மட்டும் வெயில்ல உக்காந்து பல்லு குத்திக்கிட்டிருந்தான். அவன்கிட்டப் போயி கேக்க முடியுமா, ஐயா நான் சிரிக்கலாமான்னு?

– அதனாலதான் நீ... அம்மா, பள்ளிக்கூட நாடகத்துல எனக்கு ஒட்டின மீசை கழண்டு ராஜா வாயில போய் ஒட்டிக்கிச்சே. மண்டபமே உருண்டுச்சு. நீ முதல் வரிசையில கல்லு மாதிரி உக்காந்திருந்தே. அன்னைக்கு ராத்திரி நான் எவ்வளவு அழுதேன் தெரியுமா?

– அன்னைக்கு நான் உள்ளுக்குள்ளயே சிரிச்சேன்டீ. சிரிப்பை முழுங்கி முழுங்கி வயிறு வலிச்சுப் போச்சு. வீட்டுக்கு வந்து மோர் குடிச்சேன்.

– உன்னை எல்லாரும் சிடுமூஞ்சின்னு சொல்லுவாங்க. நானும்தான் சொன்னேன்.

– தெரியும். சொன்னா சொல்லிட்டுப் போங்க. அது தூங்கினாப் போதும் எனக்கு.

– அம்மா, இப்ப நான் சொல்றதைக் கொஞ்சம் கவனமா கேக்கணும். பந்து இத்தனை வருஷம் சும்மா இருந்துச்சு, சரி. இப்ப சும்மா இல்ல. படத்துல பந்துக்கு நடுவுல தண்ணி மாதிரி தெரிஞ்சுது, அது சீழ். ரெண்டு பந்து உடைஞ்சு உள்ளயும் எறங்கியிருக்கு. உங்க காய்ச்சலும் வலியும் அதுதான். ஆப்பரேஷன் பண்ணி எல்லாத்தையும் வெளியில எடுத்துடணும். சர்ஜன்கிட்ட நானே பேசறேன்.

– எடுக்கறதா? வேணாம் தம்பி.

– அம்மா, என்ன வேணாம்?

– பந்தை எடுக்க வேணாம். வலிக்கு மாத்திரை கொடுங்க, போட்டுக்கறேன். அது பாட்டுக்கு இருக்கட்டும்.

– அது பாட்டுக்கு இருக்காதும்மா. சீழ் உள்பக்கம் உடைச்சுக்கிட்டு மூச்சுக்குழாய்க்குப் போகும். பக்கத்துல பெரிய ரத்தக்குழாய் ஓடுது, இதோ, இவ்வளவு பக்கத்துல. உடைஞ்ச பந்தோட விளிம்பு அதை அரிச்சுதுன்னா அன்னைக்கு நான் என்ன, யார் வந்தும் ஒண்ணும் பண்ண முடியாது.

– எடுத்தா முழிச்சுக்கும் தம்பி.

– என்னது முழிச்சுக்கும்?

– அதுதான். அமுக்கி வச்சதாலதானே தூங்குது? பந்தை எடுத்துட்டா நுரையீரல் விரியும், காத்து போகும், அது கண்ணைத் திறந்துடும். எனக்கு வந்தாலும் பரவாயில்ல, நான் வாழ்ந்தாச்சு. இவளும் நானும் ஒரே வீட்டுல இருக்கோம். ஒரே காத்தைத்தான் ரெண்டு பேரும் இழுக்கறோம்.

– அம்மா, லூசு மாதிரி பேசாதே. நீ செத்துப் போயிடுவே. புரியுதா உனக்கு? சார் சொன்னது காதுல விழுந்துச்சா?

– விழுந்துச்சு. எல்லாரும் ஒரு நாள் போறதுதானே.

– அப்பாவும் இல்ல, நான் ஒத்தையா என்ன பண்ணுவேன்?

– நீ பெரிய மனுஷி. சம்பாதிக்கறே. சித்தி இருக்கா உனக்கு.

– சித்தி இருக்கா, சித்தி இருக்கா! பொறந்ததுலேருந்து இதே பாட்டு! எனக்கு சித்தி வேணாம். எனக்கு நீதான் வேணும். சிடுமூஞ்சியா இருந்தாலும், என்னைத் தொடலைன்னாலும், எனக்கு நீதான்மா வேணும். இதைக்கூட மைக் போட்டுத்தான் சொல்லணுமா உங்கிட்ட?

– அழாதடீ. சார் எதிர்ல.

– சார் இருந்தா இருக்கட்டும்.

– எனக்கு ஒண்ணும் இல்லம்மா, நான் டீயைக் குடிச்சுக்கறேன். அழட்டும் விடுங்க. நீங்க கொஞ்சம் எந்திரிச்சு என்கூட இந்தப் பக்கம் வர முடியுமா? உங்க நுரையீரலை உங்களுக்கே காட்டறேன். மேடம், மூக்கைத் துடைச்சுக்கிட்டு அந்தப் படத்தைக் கொஞ்சம் கீழ நகர்த்துங்க. இன்னும். ம், அங்க நிறுத்துங்க.

– இதுவா நானு? ராத்திரி வானம் மாதிரி இருக்கே.

– அதுதான். கருப்பெல்லாம் காத்து. நடுவுல கோடு கோடா ரத்தக்குழாய். இப்ப இந்தப் பந்துக்குக் கீழ, அமுங்கிக் கெடக்கற இடத்துல ஒரு வெள்ளைப் புள்ளி, பார்த்தீங்களா?

– மிளகு மாதிரி.

– மிளகேதான். அதுதான் உங்க வியாதி.

– ஐயோ, இருக்கா இன்னும்!

– இருங்கம்மா, முழுசா கேளுங்க. இந்தப் புள்ளியோட வெள்ளையையும் எலும்போட வெள்ளையையும் ஒப்பிட்டுப் பாருங்க. நூலுக்கு மேட்சிங் பாக்கற கண்ணு உங்களுது.

– ஒரே வெள்ளைதான்.

– ஏன்னா அது சுண்ணாம்பு. கல்லு. புண்ணு ஆறி, கிருமி செத்து, அந்த இடத்துல உடம்பு சுண்ணாம்பைப் பூசி மூடிடுச்சு. சுத்தி ஒரு தடிப்போ புகையோ எதுவும் கிடையாது, துடைச்சு விட்ட மாதிரி இருக்கு. போன வாரம் சளி டெஸ்ட் கொடுத்தீங்களே, அதுலயும் ஒண்ணும் இல்ல. ஆப்பரேஷன்ல எடுக்கற சீழையும் டெஸ்ட் பண்ணுவாங்க, அது வழக்கம். ஆனா என் கண்ணுக்கு இதுல உயிரோட எதுவும் தெரியல.

– அப்ப தூங்கல?

– தூங்கலம்மா. செத்துப் போச்சு.

– பந்துதான் கொன்னுச்சா?

– மருந்து கொன்னுச்சு. ஒரு நாள் விடாம முடிச்சேன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான். பந்து சும்மா வாசல்ல உக்காந்திருந்துச்சு.

– செத்ததுக்குக் காவல் இருந்திருக்கேன்.

– அம்மா, உக்காரு. ஏன் இப்படி வேர்க்குது உனக்கு? உக்காரும்மா.

– இருடீ. தம்பி, அது எப்ப செத்துச்சு?

– நாள், தேதி எல்லாம் படத்துல வராதும்மா.

– உத்தேசமா சொல்லுங்க.

– மருந்து முடிச்சீங்களே, அதை ஒட்டித்தான். அதுக்கு மேல தாங்கியிருக்காது.

– மருந்து முடிச்சு ரொம்ப நாள் கழிச்சுத்தான் எனக்குக் கல்யாணமே ஆச்சு.

– அப்ப கல்யாணத்துக்கு முன்னாடியே போயிடுச்சுன்னு வச்சுக்குங்க.

– நெஜமாத்தானா? எனக்கு ஆறுதலுக்காகச் சொல்லலையே?

– ஆறுதலுக்குச் சொல்றதா இருந்தா சீழ் விஷயத்தை மறைச்சிருப்பேனே. நெஜமாத்தான்மா.

– அம்மா, இப்பவாவது ஒத்துக்கோயேன். கெஞ்சிக் கேக்கறேன்.

– ஒத்துக்கிட்டேன். எடுத்துடச் சொல்லுங்க தம்பி. இனிமே அது எதுக்கு உள்ள.

– அப்பாடா! சார், இப்பவே சர்ஜனைக் கூப்பிடுங்க. மனசு மாறறதுக்குள்ள.

– கூப்பிடறேன், கூப்பிடறேன். மேடம், நீங்க முதல்ல தண்ணி குடிங்க. என்னம்மா, அப்படியே பொண்ணையே பாத்துக்கிட்டிருக்கீங்க? இன்னும் ஏதாவது சந்தேகமா?

– ஒண்ணே ஒண்ணு தம்பி. படிச்சவர் நீங்க, யோசிச்சுச் சொல்லுங்க.

– கேளுங்கம்மா.

– அப்படின்னா, இவ கைக்குழந்தையா இருந்தப்ப, நான் இவளைத் தூக்கியிருக்கலாமா?